கத்தரித்து அனுப்பிய கட்டம்

எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘கப்பலுக்குப் போனவன்’ என்றுதான் பாட்டி சொல்வார். தாத்தாவுக்குப் பெரியப்பா முறை. வந்தவாசிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பண்ணையாளாக இருந்தவர். ஒருநாள் சாயங்காலம் மாடுகளைக் கட்டிவிட்டுக் கிளம்பியவர் திரும்பி வரவில்லை. பட்டணத்தில் கப்பல் ஏறிவிட்டதாக யாரோ வந்து சொன்னார்களாம். கதை அவ்வளவுதான். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மட்டும் அவருக்கென்று ஒரு சொம்பு தனியாக வைப்பார்கள். செத்தவருக்கா, உயிரோடு இருப்பவருக்கா என்று கேட்டதற்குப் பாட்டி, “வக்கிறது வக்கிறதுதான், போடா” என்று முடித்துவிட்டார்.

மலேயாவுக்குப் போயிருப்பார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அவர் போனது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு.

1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாகப் போனவர்கள். வெள்ளைக்காரன் இவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்படவில்லை, கணக்கைப் பற்றிக் கவலைப்பட்டான். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணுக்கு நேரே பெயர், அப்பா பெயர், வயது, உயரம், சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். அந்தப் பட்டியல்கள் இப்போது கணினியில் தேடக் கிடைக்கின்றன.

கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எங்களுக்குத் தெரியும். அதையும் ஊர்ப் பெயரையும் குமாஸ்தா எப்படியெல்லாம் தப்பாக எழுதியிருப்பான் என்று யோசித்து யோசித்துத் தட்டிப் பார்த்ததில், மூன்றாவது மாதம் 1898ஆம் ஆண்டுக் கப்பல் ஒன்றில் ஆள் கிடைத்தார். வயது 22. இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. சாதி என்ற கட்டத்தில் ‘பறையர்’. கூட அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் தழும்பு என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த எண் ஒரு நல்ல திறவுகோல். கல்யாணப் பதிவு, பாஸ், மறு ஒப்பந்தம் எல்லாவற்றிலும் கூடவே வரும். அங்கே பல குடும்பங்கள் தாத்தாவின் எண்ணை இன்றும் எழுதி வைத்திருக்கின்றன. வம்சாவளி தேடித் தரும் ஒருவர் மூலமாக அவருடைய பேத்தியின் வாட்ஸ்அப் எண் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கு அத்தை முறை. அவருடைய குடும்பப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் கிராமத்தில் அந்தப் பெயர் கொண்டவருக்கு ஊர்த்தெருவில் நாற்காலி போடுவார்கள். எங்கள் வீடு இருப்பது காலனியில்.

பட்டியலின் படத்தை அவருக்கு அனுப்பும் முன் அந்த ஒரு கட்டத்தை வெட்டிவிட்டேன். ஏன் வெட்டினாய் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை.

துபாய் வழியாக டர்பன் போனேன். முதல் இரண்டு நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க். காந்தியை 1893இல் ரயிலிலிருந்து தள்ளிவிட்ட ஸ்டேஷன் அந்த ஊரில்தான் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போகிற எல்லாரும் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் போனது ஆவணக் காப்பகத்துக்கு. ஒரு கல்யாணப் பதிவும் இரண்டு மறு ஒப்பந்தங்களும் கிடைத்தன. மறு ஒப்பந்தம் ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போட்டால் போதும். முதல் ஆண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஐந்தாம் ஆண்டில் 14. ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக அங்கேயே தங்க நினைத்தால், 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. அதாவது 60 ஷில்லிங். மனைவிக்குத் தனி. 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 தாண்டிய பெண்ணுக்கும் தனி. கட்ட முடியாதவர் கப்பலேறி ஊர் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி கரும்புக் காட்டுக்கே போக வேண்டும். நம் ஆள் இரண்டு முறை கரும்புக் காட்டுக்கே போயிருக்கிறார். ஊருக்கு வந்தால் எந்தப் பண்ணையில் கைகட்டி நிற்பது என்பது அவருக்குத் தெரியும்தானே. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது.

அத்தை வீடு சாட்ஸ்வொர்த்தில். நிறவெறி அரசு 1960களில் இந்தியர்களைப் பழைய குடியிருப்புகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டிய இடம். வாசலில் என்னைப் பார்த்ததும் “வாங்கோ” என்றார். அவரிடம் முழுசாக மிஞ்சியிருந்த தமிழ் அதுவும் சாமி பாட்டுகளும்தான். மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஆடி மாதம் மாரியம்மனுக்கு இங்கேயும் கூழ் உண்டு, அதற்கு ‘பாரிட்ஜ் ப்ரேயர்’ என்று பெயர் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சொம்பும் ஞாபகம் வந்தது.

அவருடைய மகன் கதையை ஆரம்பித்தார். தாத்தா மணியக்காரர் வீட்டுப் பிள்ளை, நிலபுலன் நிறைய, மிளகாய்ச் செடிக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று ஏமாற்றிக் கப்பலேற்றிவிட்டார்கள். மிளகாய்ச் செடித் தங்கம் அங்கே பல வீடுகளில் சொல்லப்படும் கதை. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அத்தை எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அதே பட்டியல். எல்லாக் கட்டமும் இருந்தது. பேரன் எப்போதோ அச்செடுத்துக் கொடுத்ததாம்.

“நீ அனுப்பியதில் ஒரு கட்டம் குறைந்தது” என்றார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே சொன்னார். தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு அவருடைய அப்பாதான் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டாராம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டுமே என்று. அவர் அம்மாவுக்குத் தெரியும். தன் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மகன் தாளை வாங்கிப் பார்த்தார். “இது குமாஸ்தா பண்ணிய தப்பு, மா” என்றார். அத்தை பதில் சொல்லவில்லை. மகன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பெயர் எதையும் எழுத வேண்டாம் என்று பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டார். அதனால்தான் இதில் யார் பெயரும் இல்லை.

“அங்கே இப்போதும் இந்தச் சொல்லுக்கு ஏதாவது ஆகுமா?” என்று அத்தை கேட்டார். சென்னையில் வாடகை வீடு தேடியபோது அட்வான்ஸ் வாங்கிக்கொண்ட பிறகு ஊரையும் தெருவையும் விசாரித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். வெட்டியதன் மீதிப் பாதி உண்மையையும் சொன்னேன். அந்தப் பெயரோடு ஒரு சொந்தம் இருப்பது எனக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது. அத்தை என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு ஒரு நோட்டை எடுத்தார். கையால் வரைந்த வம்ச மரம். உச்சியில் தாத்தாவின் அப்பா பெயர், பட்டியலில் இருந்தபடியே. பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தார். பட்டியல் அப்பா பெயரைத்தான் கேட்டது. “உங்களுக்குத் தெரியுமே?” என்றார். எனக்கும் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஊரில் இருக்கும் பெரியத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. வீடியோவில் கூப்பிட்டேன்.

“கப்பலுக்குப் போனவன் ஊட்டு ஜனமா?” என்று போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் அத்தை கும்பிட்டார். கேள்வியைக் கேட்டேன்.

“அந்தக் கெழவி பேரு யாருக்குடா தெரியும்? புள்ள போனதுல இருந்து ஊர்ல அவளுக்கு ஒரே பேருதான். கப்பலுக்குப் போனவன் அம்மான்னுதான் கூப்புடுவாங்க.”

மொழிபெயர்த்துச் சொன்னேன். அத்தை திரும்பச் சொல்லச் சொன்னார், தமிழில், மெதுவாக. ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு அந்தக் கோட்டின் மேல் எழுதிக்கொண்டார்.