யாருடைய பாவம்?

விருந்தாளியாக வந்த கிழ அரசனை நள்ளிரவில் படுக்கையிலேயே குத்திக் கொன்றவன் மாக்பெத். தூண்டிவிட்டவள் மனைவி. ஷேக்ஸ்பியரைக் கல்லூரியில் பாடமாகப் படித்த நமக்கெல்லாம் இது மனசில் பதிந்துபோன விஷயம். ஸ்காட்லாந்தின் சரித்திரத்தைப் புரட்டினால் அங்கே இருக்கும் மாக்பெத் வேறு ஆசாமி.

டங்கன் கிழவனே அல்ல, இளவயது அரசன். 1040-ஆம் வருஷம் வடக்கே மாரே பிரதேசத்தின்மேல் படையெடுத்துப் போனான். அந்தப் பிரதேசத்தின் தலைவன் மாக்பெத். எல்ஜினுக்கு அருகே நடந்த சண்டையில் டங்கன் மாண்டான். விருந்தாளிதான், அழையாத விருந்தாளி.

அந்த நாளில் அங்கே பட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற வழக்கம் இல்லை. அரச குடும்பத்தின் கிளைகள் மாறி மாறி ஆண்டு வந்தன. இரண்டாம் மால்கம் அந்த வழக்கத்தை மீறித் தன் மகள் வயிற்றுப் பேரனான டங்கனுக்குப் பட்டம் கிடைக்க வழி செய்தான். மாக்பெத்தின் மனைவி க்ரூவாக் மற்றொரு கிளையில் பிறந்த பெண். நாம் பேராசை என்பதை அவர்கள் உரிமை என்றிருப்பார்கள்.

மாக்பெத் 17 வருஷம் ஆண்டான். 1050-ல் ரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தான் என்று அக்காலத்து ஐரிஷ் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ராஜ்யத்தை விட்டு அத்தனை தூரம் போய்த் திரும்பினான் என்றால், முதுகுக்குப் பின்னால் கத்தி இருக்கும் என்ற பயம் இல்லாதவன் என்றுதானே அர்த்தம்?

அப்படியானால் நாடகத்தில் வரும் கொலை எங்கிருந்து வந்தது? ஷேக்ஸ்பியர் கையில் இருந்தது ஹாலின்ஷெட்டின் சரித்திரப் புத்தகம். அதிலே டஃப் என்று வேறோர் அரசன் கதை வருகிறது. ஃபாரஸ் கோட்டையில் தங்கிய அவனைக் கோட்டைத் தலைவன் டான்வால்ட், மனைவியின் பேச்சைக் கேட்டுத் தூக்கத்தில் கொல்லச் செய்கிறான். காவலாட்களைக் குடியில் மயக்குவதும், விடிந்ததும் அவர்களையே வெட்டித் தீர்ப்பதும் அங்கே அப்படியே இருக்கின்றன. கென்னத் என்று இன்னோர் அரசன். இளவரசன் ஒருவனை விஷம் வைத்துக் கொன்றவன். அவனுக்கு இரவில் அசரீரி கேட்கிறது. ஒருவனுடைய கொலை, இன்னொருவனுடைய குற்ற உணர்ச்சி; இரண்டையும் மாக்பெத் தலையில் கட்டிவிட்டார் நாடகாசிரியர்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதிலே ஆட்சேபம் இல்லை. போர்க்களத்தில் எதிரியைக் கொன்றவன் யாரும் கையைக் கழுவிக்கொண்டே திரிவதில்லை. பாவம் மனசை அரிக்க வேண்டுமானால் சோறு போட்ட கையே கத்தி எடுக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது பாங்கோவின் விஷயம். ஹாலின்ஷெட்டில் டங்கனைக் கொல்லும் சதிக்கு அவனும் உடந்தை. நாடகத்திலோ உத்தமன். 1606 வாக்கில் நாடகம் எழுதப்பட்டபோது சிங்காதனத்தில் இருந்த ஜேம்ஸ் அரசர், பாங்கோவின் வம்சம் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு அவருடைய ஆதரவில் இருந்தது. 1605-ல்தான் அவரைப் பாராளுமன்றத்தோடு வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சதி நடந்திருந்தது. அரசரின் மூதாதை ராஜத்துரோகி என்று அந்தச் சமயத்தில் மேடையில் காட்ட யாருக்குத் தைரியம் வரும்? இதில் வேடிக்கை என்னவென்றால், பாங்கோ என்று ஒரு மனிதன் இருந்ததே இல்லை. 1527-ல் ஹெக்டர் போயீஸ் என்ற பண்டிதர் எழுதிய சரித்திரத்தில்தான் முதன்முதலாகத் தலை காட்டுகிறான். இல்லாத மனிதனின் மானம் பிழைத்தது. இருந்தவனின் மானம் போயிற்று.

கூட்டாளி இருந்தால் பாவம் பங்கு போய்விடும், மாக்பெத் தனித்து நின்றால்தான் நாடகம் நிற்கும் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. வாஸ்தவம். ஆனாலும், கலையின் தேவையும் அரண்மனையின் தேவையும் இவ்வளவு அழகாக ஒத்துப்போகும்போது எனக்குச் சந்தேகம் தட்டுகிறது.

1057-ல் லம்ஃபானன் என்ற இடத்தில், டங்கனின் மகனான மற்றொரு மால்கமின் கையில் மாக்பெத் மாண்டான். அவனும் க்ரூவாக்கும் உயிரோடிருந்த காலத்தில் லாக் லீவன் ஏரித் தீவிலிருந்த துறவிகளுக்கு நிலம் எழுதி வைத்தார்கள். அந்தத் தானக் குறிப்பில் அரசன், அரசி என்று இருவர் பெயரும் இருக்கின்றன. நானூறு வருஷமாக மேடையில் தூக்கத்தில் நடந்து கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாளே, அதே அம்மாள்தான்.