சாஞ்சோவின் முகம்

கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவிலுள்ள தேசிய ஓவியக்கூடத்தின் சேகரிப்பில், 1907ஆம் ஆண்டு தொடக்கம் ஓர் ஓவியம் இருந்து வருகின்றது. பொற்கரையிட்ட செந்நிற உள்ளங்கி அணிந்து, ஒரு கையை அதனுள்ளே செருகியவாறு அமைதியாக வீற்றிருக்கும் கறுப்பின மனிதர் ஒருவரை அதிலே காண்கின்றோம். அவர் பெயர் இக்னேசியஸ் சாஞ்சோ. வரைந்தவர் புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் தோமஸ் கெயின்ஸ்பரோ. 1768 நவம்பர் 29ஆம் நாள், பாத் நகரில், 1 மணி 40 நிமிடத்தில் வரையப்பட்டதென ஓவியத்தைச் சார்ந்த பழைய குறிப்பொன்று கூறுகின்றது.

சாஞ்சோ 1729 அளவில் பிறந்தவர். அடிமைக் கப்பலிலே பிறந்தாரென அவரது முதல் வரலாற்றாசிரியர் எழுதினார். இன்றைய ஆய்வாளர் அதனை ஐயுறுகின்றனர். இங்கிலாந்தில் அவரை வேலைக்கு வைத்திருந்த சகோதரியர் மூவர், ஸ்பானியக் கதையொன்றில் வரும் நகைப்புக்குரிய பணியாளனின் பெயரை அவருக்குச் சூட்டினர் என்பர். பிறப்பும் பெயரும் பிறர் எழுதியவையே. எமது பெயரும் பிறந்த நாளும் படிவங்களிலே பிழைபட எழுதப்படக் கண்ட எமக்கு இது விளங்காததன்று.

ஆயினும் அவர் கற்றார், எழுதினார். அடிமைத்தனத்தைப் பற்றி மேலும் எழுதுமாறு 1766இல் நாவலாசிரியர் லோரன்ஸ் ஸ்டேணுக்குக் கடிதம் வரைந்தார். கெயின்ஸ்பரோ வரைந்த காலத்தில் அவர் மொண்டேகு கோமகனின் பணியாளர். ஆனால் ஓவியத்திலே பணியாளர் சீருடை இல்லை; கனவானின் உடையே உண்டு. 1774இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் பலசரக்குக் கடை திறந்தார். அவ்வாண்டிலும் 1780இலும் நாடாளுமன்றத் தேர்தல்களில் வாக்களித்தார். 1780 டிசெம்பர் 14ஆம் நாள் காலமானார்.

ஓவியம் ஒன்றே ஒன்று. அது ஒரு சுவரில் மட்டுமே தொங்க இயலும். 1782இல் அவரது கடிதங்கள் இரு தொகுதிகளாக வெளிவந்தபோது, அந்த ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படம் முகப்பிலே இடம்பெற்றது. செதுக்கியவர் பிரான்செஸ்கோ பார்ட்டலோசி. புளோரன்சில் பிறந்து 1764இல் இலண்டன் வந்து சேர்ந்தவர். செப்புத் தகட்டிலே நுண்ணிய புள்ளிகளை இட்டு ஒளியையும் நிழலையும் காட்டுவதில் வல்லவர். தகட்டில் மை பூசி, துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். மீண்டும் மை பூசினால் மீண்டும் ஒரு படம். இவ்வாறு அம்முகம் நூலுக்கு முன்பணம் செலுத்திய 1,100க்கும் மேற்பட்டோரின் இல்லங்களுக்குச் சென்றது. நூலின் வருவாய் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உதவிற்று.

ஆபிரிக்கருக்குச் சிந்தனைத் திறன் உண்டா என்று கற்றோரே வினவிய காலம் அது. தோமஸ் ஜெபர்சன் சாஞ்சோவின் எழுத்தைக் குறைத்தே மதிப்பிட்டார். பிரித்தானியா அடிமை வாணிபத்தைச் சட்டத்தால் தடைசெய்தது 1807இல்தான். அத்தகைய காலத்தில், முதலிலே முகத்தைப் பார்த்து, அடுத்த பக்கங்களிலே அம்மனிதரின் சொற்களைப் படித்தவர், எழுதியவர் ஒரு மனிதர் என்பதை எங்ஙனம் மறுப்பார்? 1803இல் சாஞ்சோவின் மகன் வில்லியம், தாமே புத்தக வணிகராகித் தந்தையின் கடிதங்களை மீண்டும் வெளியிட்டார்.

ஒற்றைப் பிரதி தீயிலும் வெள்ளத்திலும் அழியும். பல கைகளிற் பரவியது பிழைக்கும். எம் வீடுகளில் எஞ்சியிருக்கும் பாட்டன் பாட்டியரின் படங்களைப் பிரதியெடுத்து, பெயரும் ஊரும் எழுதி, உறவினரிடையே பகிர்ந்து வைப்போம். அவர்கள் யார் என்பதைப் பிறர் எழுதுமுன் நாமே எழுதி வைத்தல் நன்று.