மடை திறந்த பல்லவி: ராப் பாட்டு வானொலிக்கு விலைபோனதா?

“வானொலிக்கு ஏற்ற பாட்டைப் போட்ட ராப் கலைஞர் தன் கலையை விற்றுவிட்டாரா?” வாதக் கட்டுரைக்கு இப்படி ஒரு தலைப்பு வந்தால், மாணவர்களே, நீங்கள் உடனே அமெரிக்காவுக்கு ஓடிவிடுகிறீர்கள். அவ்வளவு தூரம் எதற்கு? சான்று நம் வீட்டிலேயே இருக்கிறது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் வீடும் வேலையும் இழந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதைப் படித்திருப்பீர்கள். பிறகு பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் பிறந்த பிள்ளைகள் ஈப்போ போன்ற பட்டணங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். சாமான் செட்டோடு வானொலிப் பெட்டியும், அதில் கேட்ட சினிமாப் பாட்டும் கூடவே வந்தன.

இனி ராப். யோகி பி இடம்பெற்ற போயட்டிக் அம்மோ குழு 1998இல் பல மொழிகள் கலந்த ஆல்பத்தை வெளியிட்டது. 2006இல் அவரே டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு, யோகி பி - நட்சத்திரா என்ற பெயரில், ‘வல்லவன்’ தமிழ் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதில் எல்லார் வாயிலும் நின்றது ‘மடை திறந்து’. இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய பழைய பாட்டின் பல்லவியை எடுத்து, இடையில் தங்கள் ராப் வரிகளை வைத்தார்கள்.

“பழைய பாட்டைக் காட்டி வியாபாரம்” என்று அப்போதே முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மூலப்பாட்டு வந்த படம் எது? 1980இல் பாரதிராஜா எடுத்த ‘நிழல்கள்’. படித்துவிட்டு வேலை இல்லாமல் சென்னையில் அலையும் இளைஞர்களின் கதை. இசையமைப்பாளராகத் துடிக்கும் ஒருவன் காணும் கனவுதான் அந்தப் பாட்டு. இளையராஜாவே அதில் ஒரு கணம் முகம் காட்டுவார். பட்டணத்துக்கு வந்து, வாய்ப்புக்காகக் காத்திருந்த நம் பையன்களுக்கு இதைவிடப் பொருத்தமான பல்லவி எங்கே கிடைக்கும்? வானொலி கேட்டது காதுக்குப் பழகிய மெட்டு. இவர்கள் கொடுத்ததோ தங்கள் நிலைமைக்குப் பொருந்திய மெட்டு.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டு, ‘ஷிக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’ என்ற ஆட்டப்பாட்டின் தாளத்தில்தான் ஏறி வந்தது. பதினான்கு நிமிடப் பாட்டுக்குச் சுருக்கிய வடிவமும் போட்டார்கள். ஆனால் 1982இல் வந்த ‘தி மெசேஜ்’ சேரி வாழ்வின் நெருக்கடியையே பாடி வெற்றி பெற்றது. ஆகவே, கசப்பானதைச் சொன்னால் பாட்டு ஓடாது என்று சாக்குச் சொல்ல முடியாது.

என் மனக்குறை வேறு இடத்தில். 2007இல் ‘பொல்லாதவன்’, 2017இல் ‘விவேகம்’ என்று யோகி பி கோலிவுட்டில் குரல் கொடுத்தார். நமக்குப் பெருமைதான். ஆனால் சினிமாவில் ராப் பெரும்பாலும் கதாநாயகனின் வேகத்துக்குப் பக்கவாத்தியம். பாடுகிறவன் ஊர் அங்கே வராது. விட்டுக்கொடுத்தது எது என்று தேடுகிறவர்கள் பல்லவியை விட்டுவிட்டு, இந்த இடத்தைப் பார்க்கட்டும்.

ஆசிரியர்களே, வகுப்பில் 1980ஆம் ஆண்டுப் பாட்டையும் 2006ஆம் ஆண்டுப் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். பிறகு இரண்டாவதை வீட்டில் பாட்டிக்குப் போட்டுக்காட்டி, எந்த இடம் வரை தலையாட்டினார், எந்த இடத்தில் “என்னய்யா இவன் இவ்ளோ வேகமா பேசறான்” என்று கேட்டார் என எழுதி வரச் சொல்லுங்கள்.