வெளியூர் ஆட்டம்: திண்டுக்கல் டிராகன்ஸ் அணியும் அதன் ரசிகர்களும்

திண்டுக்கல் டிராகன்ஸ், தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் தொடரில் 2016 முதல் ஆடிவரும் அணி. நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம் இதன் சொந்த மைதானம். 2018, 2019, 2024, 2025 ஆகிய நான்கு ஆண்டுகளில் இறுதி ஆட்டம் வரை சென்று, ஒருமுறை கோப்பையை வென்றது. அந்த நான்கில் முதல் மூன்று இறுதி ஆட்டங்களும் சென்னை சேப்பாக்கத்தில் நடந்தன. திண்டுக்கல் ரசிகர்களைப் பொறுத்தவரை, ‘இறுதி ஆட்டம்’ என்றால் ‘வெளியூர் ஆட்டம்’ என்றே பல ஆண்டுகள் பொருள்பட்டது. சொந்த மண்ணில் நடந்திருந்தால் கதை வேறு என்ற எண்ணமும் அதோடு வளர்ந்தது. அந்த எண்ணம் எவ்வளவு சரி என்பதை இந்த அணியின் வரலாற்றைக் கொண்டே பார்க்கலாம்.

கல்லூரி மைதானம்

தமிழகத்தில் கிரிக்கெட் வரலாறு நெடுங்காலம் சென்னையின் வரலாறாகவே எழுதப்பட்டது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்தது. ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, மெட்ராஸ் அணி மைசூர் அணியை ஒரே நாளில் தோற்கடித்தது. மாவட்டங்களில் திறமையான ஆட்டக்காரர்கள் இருந்தாலும், பெயர் எடுக்க அவர்கள் சென்னைக்குப் போய் லீக் ஆட வேண்டியிருந்தது. புல்தரை ஆடுகளம், நல்ல வெளிக்களம், இரவு விளக்கு ஆகிய மூன்றும் சேர்ந்த மைதானம் மாவட்டங்களில் அரிது.

இந்தக் குறையைத் தனியார் கல்லூரிகளின் மைதானங்கள் ஓரளவு போக்கின. திண்டுக்கல்லில் என்.பி.ஆர். கல்லூரி, கோவையில் எஸ்.என்.ஆர். கல்லூரி ஆகியவற்றின் மைதானங்கள் டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கும் இடங்களாயின. திருநெல்வேலியில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் மைதானம் அந்த வேலையைச் செய்தது. நத்தத்து மைதானம் திண்டுக்கல் நகருக்குள் இல்லை. நகரிலிருந்து சாணார்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் போக வேண்டும். சிறுமலையும் கரந்தமலையும் கண்ணில் படும், மாந்தோப்புகள் நிறைந்த பகுதி அது. இரவு ஆட்டம் முடிந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடியுமா என்பது நகரத்து ரசிகருக்கு எப்போதும் ஒரு கவலை. நத்தத்திலிருந்து மதுரையும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆகவே கூட்டத்தில் மதுரைக்காரர்களும் கலந்திருப்பது இயல்பு.

2018இல் துலீப் கோப்பை ஆட்டங்கள் முழுவதும் இங்கேயே, இளஞ்சிவப்புப் பந்தில், பகலிரவு ஆட்டங்களாக நடந்தன. இறுதி ஆட்டத்தில் இந்தியா புளூ அணி இந்தியா ரெட் அணியை ஓர் இன்னிங்ஸ், 187 ரன் வித்தியாசத்தில் வென்றது. 2019 டிசம்பரில் தமிழ்நாடும் கர்நாடகமும் இதே மைதானத்தில் ரஞ்சி ஆட்டம் ஆடின. 1934இல் சேப்பாக்கத்தில் மோதிய இரு அணிகளின் வாரிசுகள் 85 ஆண்டுகள் கழித்து நத்தத்தில் மோதின என்று சொல்லலாம். அஸ்வினும் தினேஷ் கார்த்திக்கும் ஆடிய தமிழ்நாடு அணி, 181 ரன் இலக்கைத் துரத்தி 154இல் சுருண்டது. கர்நாடகத்தின் கே. கௌதம் அந்த ஆட்டத்தில் மொத்தம் 14 விக்கெட்டுகளை எடுத்தார். சுழலுக்குச் சாதகமான ஆடுகளம் சொந்த அணிக்குக் கைகொடுக்கும் என்ற கணக்கு, வந்தவர்களுக்குக் கைகொடுத்து முடிந்தது. பின்னால் டிராகன்ஸ் அணிக்கு நேர்ந்ததற்கு இதை ஒரு முன்னோட்டமாகக் கொள்ளலாம்.

ஊர்ப் பெயரைச் சுமந்து போவது

ஊரின் பெயரோடு ஒரு அணி வெளியூருக்குப் போவது இப்பகுதிக்குப் புதிதல்ல. நத்தம், கொசவபட்டி, புகையிலைப்பட்டி வட்டாரம் ஜல்லிக்கட்டுக்குப் பேர்போனது. வாடிவாசலில் காளை அவிழ்க்கப்படும்போது ஒலிபெருக்கியில் உரிமையாளரின் பெயரோடு ஊர்ப் பெயரும் அறிவிக்கப்படும். காளை பிடிபடாமல் போனால் அந்தப் பெருமை ஊருக்கே சேரும். முன்பின் பார்க்காத வாடிவாசல், அறிமுகமில்லாத கூட்டம், அந்த ஊர் மாடுபிடி வீரர்கள் ஆகிய எல்லாவற்றையும் தாண்டித் தன் காளை வெளியேற வேண்டும் என்று காத்திருப்பவரின் பதற்றம், வெளியூர் ஆட்டத்துக்குக் காத்திருக்கும் ரசிகரின் பதற்றத்திலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல.

ஊர்ப்புற டென்னிஸ் பந்து, ரப்பர் பந்து கிரிக்கெட்டிலும் இதே வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்ப் போட்டிக்கு இருசக்கர வாகனங்களிலும் சரக்கு வேனிலும் கிளம்பும் பையன்களுக்கு, அங்கே நடுவர் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார் என்பது தெரியும். ரன் அவுட் தகராறும் அதில் அடக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் கதையும் ஒரு வெளியூர்ப் பயணத்தில்தான் தொடங்குகிறது. 1869 நவம்பர் 6 அன்று பிரின்ஸ்டன் மாணவர்கள் ரட்கர்ஸ் கல்லூரிக்குச் சென்று ஆடி 6-4 என்ற கணக்கில் தோற்றனர். அடுத்த வாரம் ரட்கர்ஸ் அணி பிரின்ஸ்டனுக்கு வந்து 8-0 என்று தோற்றுத் திரும்பியது. அங்கே அணியும் மைதானமும் கல்லூரியுடையவை. ரசிகர்கள் அந்தக் கல்லூரியின் மாணவர்கள். திண்டுக்கல்லில் மைதானம் மட்டுமே கல்லூரியுடையது. ஆட்டக்காரர்கள் மாநிலம் முழுவதிலிருந்தும் தேர்வு செய்யப்படுகிறார்கள். முதலில் டிராஃப்ட் முறைத் தேர்வாக இருந்தது, 2023 முதல் ஏலமாக மாறியது. அணியின் மிகப் பெரிய பெயரான ஆர். அஸ்வின் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். சேப்பாக்கத்துக்குத் திண்டுக்கல் அணி ‘வெளியூர்’ அணியாகப் போகும்போது, அதன் தலைவருக்கு அது சொந்த ஊர்.

அப்படியானால் ரசிகர் எதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறார்? பெயரையும் மைதானத்தையும்தான். டிஎன்பிஎல்லில் அதுவும் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. 2021இல் காரைக்குடி காளை அணி திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. முதல் கோப்பையை வென்ற டூட்டி பேட்ரியாட்ஸ் சேலத்துக்குப் போனது. காஞ்சி வீரன்ஸ் நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. காரைக்குடியிலும் தூத்துக்குடியிலும் நான்கு பருவங்கள் ஆதரவளித்தவர்களுக்கு ஒரே அறிவிப்பில் அணி இல்லாமல் போயிற்று. திண்டுக்கல்லின் பெயரும் மைதானமும் மாறவில்லை. இந்த நிலைத்தன்மையே இங்கு உருவான பற்றுக்கு முக்கியக் காரணம் எனலாம்.

2018, 2019: சேப்பாக்கத்தில் இரண்டு தோல்விகள்

2018 ஆகஸ்ட் 12 அன்று டிராகன்ஸ் தன் முதல் இறுதி ஆட்டத்தை ஆடியது. எதிரணி மதுரை பேந்தர்ஸ். 1985 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களான இரண்டின் பெயரையும் தாங்கிய அணிகள், கோப்பைக்காக 400 கிலோமீட்டருக்கு மேல் பயணித்துச் சென்னையில் மோதின. நேரில் பார்க்க விரும்பியவர் பாண்டியனிலோ வைகையிலோ ஏற வேண்டும், மற்றவர்களுக்குத் தொலைக்காட்சி. முதல் இரண்டு பருவங்களில் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த மதுரைக்கு எதிராகத் திண்டுக்கல் ரசிகர்கள் நம்பிக்கையோடு இருந்ததில் வியப்பில்லை. ஆனால் டிராகன்ஸ் 117 ரன்னில் ஆட்டமிழந்தது. அருண் கார்த்திக் ஆட்டமிழக்காமல் 75 ரன் எடுக்க, மதுரை 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இந்தத் தோல்விக்கு மைதானத்தைக் குறைசொல்ல முடியாது. அது இருவருக்கும் அந்நிய மண்.

அடுத்த ஆண்டு நிலைமை வேறு. 2019 ஜூலை 19 அன்று நத்தத்தில் நடந்த தொடக்க ஆட்டத்தில் டிராகன்ஸ், சேப்பாக் சூப்பர் கில்லீஸை 10 ரன்னில் வென்றது. என். ஜெகதீசன் அந்தப் பருவத்திலேயே அதிக ரன் குவித்தார். ஆகஸ்ட் 15 அன்று அதே சேப்பாக் அணியோடு, அதன் சொந்த மைதானத்திலேயே இறுதி ஆட்டம் அமைந்தது. உண்மையான வெளியூர் ஆட்டம் என்றால் இதுதான். பேட்டிங்கில் டிராகன்ஸ் வலுவாக இருந்தது. நத்தத்தில் வென்ற தெம்பும் இருந்தது. மறுபுறம் சேலம் பக்கத்திலிருந்து டென்னிஸ் பந்து கிரிக்கெட் வழியாக வந்த ஜி. பெரியசாமி, விசித்திரமான பந்துவீச்சு முறையோடு அந்தப் பருவம் முழுவதும் மட்டையாளர்களைத் திணறடித்துக்கொண்டிருந்தார்.

சேப்பாக் 126 ரன்தான் எடுத்தது. பாதி ஆட்டத்தில் கோப்பை திண்டுக்கல்லுக்கு என்று தோன்றியிருக்கும். பெரியசாமி 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். டிராகன்ஸ் 114இல் நின்றது. 12 ரன்னில் தோல்வி. 1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் இந்தியா இதே மைதானத்தில் தோற்றதும் 12 ரன்னில்தான். அன்று சேப்பாக்கத்துக் கூட்டம் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியதை இன்றும் பேசுகிறார்கள். வெளியூர் அணியை மதிக்கத் தெரிந்த கூட்டம் என்ற பெயர் அதற்கு உண்டு. 2019இல் திண்டுக்கல்லை வீழ்த்தியது கூட்டமல்ல, தன்னைப் போலவே மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பந்துவீச்சாளர்.

நெல்லையில் ஒரு ஓவர்

2020இல் கொரோனாவால் தொடர் நடக்கவில்லை. 2021இல் எல்லா ஆட்டங்களும் பார்வையாளர் இன்றிச் சேப்பாக்கத்திலேயே நடந்தன. 2022இலிருந்து ஊர் ஊராகச் சுற்றும் முறை வலுப்பெற்றது. எல்லா அணிகளும் ஓர் ஊருக்குப் போய்ச் சில நாள் ஆடிவிட்டு அடுத்த ஊருக்கு நகரும். இதனால் ஒரு பருவத்தில் டிராகன்ஸ் சொந்த மைதானத்தில் ஆடுவது சில ஆட்டங்கள் மட்டுமே. மீதி எல்லாம் வெளியூர்.

அவற்றில் மிகக் கசப்பானது 2023 ஜூலையில் திருநெல்வேலியில் நடந்த இரண்டாம் தகுதிச்சுற்று. வென்றால் இறுதி ஆட்டம். எதிரே நெல்லை ராயல் கிங்ஸ், அதன் சொந்த ஊரில். டிராகன்ஸ் 185 ரன் எடுத்தது. கடைசி 2 ஓவரில் நெல்லைக்கு 37 ரன் தேவை என்ற நிலையில், திண்டுக்கல் ரசிகர்கள் இறுதி ஆட்டத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். 19ஆவது ஓவரில் மட்டும் 33 ரன் போனது. ரித்திக் ஈஸ்வரன் 11 பந்தில் 39 ரன் எடுத்து ஆட்டத்தை முடித்தார். சொந்த ஊர்க் கூட்டத்தின் இரைச்சல் ஒரு ஓவரில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டே நாளில், அதே கூட்டத்தின் முன், அதே நெல்லை அணி இறுதி ஆட்டத்தில் கோவையிடம் 104 ரன்னில் தோற்றது.

2024: காத்திருப்பு முடிந்தது

2024 ஆகஸ்ட் 4 அன்று மூன்றாம் முறையாகச் சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம். எதிரணி லைகா கோவை கிங்ஸ், 2022இல் கோப்பையைப் பகிர்ந்து 2023இல் தனித்து வென்ற அணி. அதன் மூன்றாவது தொடர் கோப்பை என்பதே பலரின் கணிப்பாக இருந்தது. திண்டுக்கல்லின் நம்பிக்கை அஸ்வினின் மட்டையில் இருந்தது. உலகம் பந்துவீச்சாளராக அறிந்த அவர், வெளியேற்றும் சுற்றிலும் இரண்டாம் தகுதிச்சுற்றிலும் அரைச்சதம் அடித்திருந்தார். திருப்பூருக்கு எதிரான தகுதிச்சுற்றில் 30 பந்தில் ஆட்டமிழக்காமல் 69.

கோவை 129 ரன்னுக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. 2019இல் எட்ட முடியாமல் போன 127 என்ற இலக்கு எல்லார் நினைவிலும் இருந்திருக்கும், இப்போது 130. அஸ்வின் 46 பந்தில் 52 ரன் எடுத்து நிதானமாக நகர்த்த, டிராகன்ஸ் 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஆறு ஆண்டுகளாக அந்நிய மண் என்று அஞ்சப்பட்ட இடத்திலேயே முதல் கோப்பை கிடைத்தது.

2025: இறுதி ஆட்டம் நத்தத்துக்கு வந்தபோது

நடப்பு வாகையராக ஆடிய டிராகன்ஸ் 2025இலும் இறுதிக்கு வந்தது. இம்முறை இறுதி ஆட்டம் ஜூலை 6 அன்று என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில். ரசிகர்கள் ஒன்பது பருவங்கள் விரும்பியது அப்படியே அமைந்தது: சொந்த மைதானம், சொந்தக் கூட்டம், ரயில் ஏற வேண்டாம்.

திருப்பூர் தமிழன்ஸ் முதலில் ஆடி 220 ரன் குவித்தது. துஷார் ரகேஜா 77, அமித் சாத்விக் 65. டிராகன்ஸ் 102 ரன்னில் சுருண்டு 118 ரன்னில் தோற்றது.

இது தற்செயல் மட்டும்தானா? 2016 முதல் 2025 வரை நடந்த ஒன்பது இறுதி ஆட்டங்களில் ஏழில், இறுதிக்கு வந்த ஒரு அணிக்கு மைதானம் சொந்த மண்ணாக இருந்தது. அந்த அணி மூன்று முறை வென்றது. மூன்றும் சேப்பாக் அணியின் வெற்றிகள். அதில் ஒன்று காலி மைதானத்தில். 2022இல் கோவையில் மழையால் கோப்பை பகிரப்பட்டது. மற்ற மூன்றும் தோல்விகள், அதுவும் படுதோல்விகள்: 2016இல் சேப்பாக்கத்தில் 122 ரன், 2023இல் நெல்லையில் 104 ரன், 2025இல் நத்தத்தில் 118 ரன். இருபது ஓவர் ஆட்டத்தில் 100 ரன்னுக்கு மேல் தோற்பது அரிது. வென்றாக வேண்டும் என்று கூட்டம் முழுவதும் எதிர்பார்க்கும் இடத்தில், பெரிய இலக்கைத் துரத்தும் அணி நிதானம் இழப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஏழு ஆட்டங்களை வைத்து விதி எழுத முடியாது என்பதும் உண்மை.

அன்று நத்தத்தில் கோப்பையை வாங்கிய திருப்பூர் அணி, முன்பு காரைக்குடியின் பெயரில் இருந்த அதே அணி. திருப்பூரில் டிஎன்பிஎல் மைதானம் எதுவும் இல்லை. கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என்று அந்தப் பருவத்தில் அது ஆடிய எல்லா ஆட்டங்களும் வெளியூர் ஆட்டங்களே.