குடோன் தரையில் ஒரு மஞ்சள் கோடு

பெரிய குடோன்களுக்குள் போனவர்கள் பார்த்திருப்பீங்க. சிமெண்ட் தரையில் ரெண்டு மஞ்சள் கோடு நீளமா ஓடும். அதுக்கு நடுவுலதான் ஆட்கள் நடக்கணும். வெளியே ஃபோர்க்லிஃப்ட் ஓடும்.

இந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் நீண்ட பதிவுதான், பொறுமையாகப் படிங்க.

வருடம் 1917. கலிஃபோர்னியாவில் இண்டியோ என்ற ஊர். அங்கே ஜூன் மெக்கரால் என்றொரு பெண் மருத்துவர், வயது ஐம்பது. கார் ஓட்டி வரும்போது எதிரே ஒரு லாரி நடுரோட்டிலேயே வருகிறது. காரை ஓரத்து மணலில் இறக்கித்தான் தப்பினார்.

"ரோட்டுக்கு நடுவுல ஒரு கோடு போடுங்க" என்று உள்ளூர் நிர்வாகத்திடம் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பெயிண்ட்டை எடுத்து அவரே சுமார் ஒரு மைல் தூரத்துக்கு வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்! 1924ல் கலிஃபோர்னியா மாகாணம் அந்த முறையை ஏற்றுக்கொண்டது.

(மிச்சிகனில் 1911லேயே எட்வர்ட் ஹைன்ஸ் என்பவர் நடுக்கோடு போட வைத்துவிட்டார். இருந்தாலும் நம்ம ஓட்டு டாக்டரம்மாவுக்குத்தான்.)

அதே 1917ல், அதே மிச்சிகனில் புக்கானன் என்ற ஊரில், கிளார்க் நிறுவனம் தன் தொழிற்சாலைக்குள் சரக்கு நகர்த்த ஒரு குட்டி வண்டி செய்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "எங்களுக்கும் ஒண்ணு வேணும்" என்று கேட்க, விற்பனைக்கு வந்தது. இன்றைய ஃபோர்க்லிஃப்டின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் பேலட்டையும் ஃபோர்க்லிஃப்டையும் பெருமளவில் பயன்படுத்தியது. ஆள் முதுகில் ஏறிய மூட்டை இப்போது மெஷினில் ஏறி கூரை வரை போனது. நடந்து போகும் மனிதனோ அதே பழைய தரையில்தான்.

இந்த வண்டி கார் மாதிரி கிடையாது. திரும்புவது பின்சக்கரம். முன்பக்கம் உள்ளே திரும்பும்போது பின்பக்கம் வெளியே வீசும். "இடம் இருக்கே" என்று பக்கத்தில் நிற்பவரை அடிப்பது அந்த வால்தான். முன்னாடி இருக்கும் லோடு ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். எடையோ சாதாரணமாகவே ஒரு காரைப் போல ரெண்டு மூணு மடங்கு. மெதுவாக வந்து இடித்தாலும் போதும்.

இங்கே ஒரு மருத்துவக் கதை. 1941, லண்டன். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளுக்கு அடியில் கை, கால் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு மீட்டார்கள். ஆனால் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து வரும் பொருட்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்று விளங்க வழிவகுத்தவர் எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர். கிரஷ் சிண்ட்ரோம் என்கிறோம். அதனால்தான் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் தொடை நசுங்கி வரும் தொழிலாளி "எலும்பு உடையலையே சார், நான் கிளம்புறேன்" என்றாலும், சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று பார்க்காமல் நாங்கள் விடுவதில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். அமெரிக்கா முழுமைக்குமான பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1970ல்தான். அதன் கீழ் வந்த விதி, நிரந்தர நடைபாதைகளை அடையாளமிட வேண்டும் என்றது. கோட்டின் அகலம் குறைந்தது 2 அங்குலம், பாதை குறைந்தது 4 அடி அல்லது ஓடும் பெரிய வண்டியை விட 3 அடி கூடுதல் அகலம் என்று 1972ல் விளக்கக் கடிதமும் வந்தது.

வண்டி வந்து அரை நூற்றாண்டு கழித்து!

அதுவரை அடிபட்டவனிடம் "பார்த்து நடக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிடலாம். கோடு போடுவது கடமை என்று ஆனபிறகு, "பாதை எங்கே?" என்று முதலாளியையும் கேட்க முடிகிறது. பெயிண்ட்டை விட இதுதான் பெரிய விஷயம் என்பேன்.

நம் நாட்டின் 1948 தொழிற்சாலைகள் சட்டம், 32வது பிரிவில், நடைபாதைகள் உறுதியாகவும் தடையின்றியும் இருக்கணும் என்றது. கோடு என்ற வார்த்தை அந்தப் பிரிவில் இருக்கவில்லை. உற்பத்தி எதுவும் செய்யாமல் சரக்கை வைத்து எடுக்கும் குடோன், அந்தச் சட்டத்தின் "தொழிற்சாலை" என்ற வரையறைக்குள் வருவதே கஷ்டமாக இருந்தது.

கோடு இருக்கும் இடத்திலும், சீசன் நேரத்தில் இடம் பத்தாமல் அதன் மேலேயே பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். நடப்பவர் சுற்றிக்கொண்டு வண்டிப் பாதையில் இறங்கித்தான் ஆகணும்.

இதைப் படிப்பவர்களில் குடோன் சூப்பர்வைசர் யாராவது இருந்தால், நாளை ஷிஃப்ட் தொடங்கும் முன் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒரு தடவை கடைசி வரை நடந்து பாருங்க. எங்கே வெளியே கால் வைக்க வேண்டி வருதோ, அந்த இடத்தை முதலில் காலி பண்ணுங்க.