வாட்டம் பார்த்த தோட்டம்

கைவிடப்பட்ட கோபுரம் நூறாண்டு நிற்கும். கைவிடப்பட்ட நந்தவனம் ஒரு கோடையைத் தாங்காது. பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு நம் வரலாற்று நூல்கள் பழைய தோட்டங்களைப் பற்றிப் பேசாததற்கு இதுவே காரணமாகலாம். அழிந்த தோட்டமொன்றை மீட்டெடுக்க இயலுமா? மீட்டால் அது பழைய தோட்டம்தானா? இவ்வினாக்களை எழுப்பிப் பார்க்கத் தக்க இடம் தில்லியிலுள்ள ஹுமாயூன் கல்லறைத் தோட்டம்.

மதுரையில் சம்பர்க் கிராந்தி விரைவுவண்டி ஏறுவோர் இறங்கும் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்கு அருகில்தான் அத்தோட்டம் இருக்கிறது. அவனியாபுரத்திலிருந்து ஆசிரிய நண்பர்கள் சிலராகச் சென்றிருந்தோம். மதுரா சாலையின் ஊர்தி இரைச்சலைக் கடந்து வாயிலுக்குள் நுழைந்தால் நிழலும் பறவைக் குரலும். நடைபாதைகளின் நடுவே விரலளவு ஆழத்தில் நீர் ஓசையின்றி நகர்கிறது.

1556இல் மறைந்த ஹுமாயூனுக்கு அக்பர் ஆட்சிக்காலத்தில் எழுந்த கல்லறை இது. நிலத்தை நான்காகப் பகுத்து நீர்க்கால் ஓடவிடும் பாரசீக மரபுத் தோட்டத்தை ‘சார்பாக்’ என்பர். தலைநகர் தில்லியை விட்டு அகன்றபின் பராமரிப்புக் குன்றியது. மலர்ப் பாத்திகளில் முட்டைக்கோசும் புகையிலையும் விளைந்தன. 1857இல் கடைசி முகலாயரான பகதூர்ஷா ஜாபர் அடைக்கலம் புகுந்து பிடிபட்டதும் இங்கேதான். அதன்பின் 1860ஆம் ஆண்டளவில் சதுரக் குளங்களின் இடத்தில் ஆங்கிலப் பாணி வட்டப் பாத்திகள் வந்தன. கர்சன் காலத்தில் ஒருமுறை சீரமைக்கப்பட்டது. 1947இல் பிரிவினையால் வீடிழந்தோருக்கு இத்தோட்டமே முகாமாயிற்று. நீர்க்கால்கள் மீண்டும் சிதைந்தன.

நாட்டு விடுதலையின் பொன்விழாவான 1997இல் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையுடன் இணைந்து பணியைத் தொடங்கி 2003இல் நிறைவு செய்தது. காலப்போக்கில் படிந்த மண் அகற்றப்பட்டது. ஏறத்தாழ 30 ஏக்கர் புல்வெளி திருத்தப்பட்டது. மா, எலுமிச்சை, வேம்பு, செம்பருத்தி, மல்லிகை என 2,500க்கும் மேற்பட்ட மரஞ்செடிகள் நடப்பட்டன. தூர்ந்த கிணறுகள் தூர்வாரப்பட்டன. மழைநீர் நிலத்தில் இறங்க 128 குழிகள் அமைந்தன.

எனினும் எங்களை நெடுநேரம் நிற்கவைத்தவை மரங்களல்ல, நீர்க்கால்கள். 40 மீட்டர் தொலைவுக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு என்ற கணக்கில் அவை மறுபடி பதிக்கப்பட்டுள்ளன. அச்சரிவிலேயே நீர் தானாக நகர்கிறது. இத்தகைய சரிவை நம் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்பார்கள். பயிர் வாடுவதற்கும் அதே சொல். வாட்டம் பிசகினால் நீர் நின்றுவிடும். நீர் நின்றால் செடி வாட்டம் காணும். தோட்டத்தை மீட்பது என்றால் முதலில் நிலத்தின் சரிவை மீட்பது என்பதை அங்கே கண்ணால் கண்டோம்.

ஒரு நெருடலும் எழாமலில்லை. மீட்கப்பட்டது அரசரின் தோட்டம். அதே மண்ணில் கோசு பயிரிட்டவர்களும், 1947இல் கூடாரமடித்துப் பசியுடன் காத்திருந்தவர்களும் வாழ்ந்திருக்கிறார்கள். ஒரு காலத்தை மீட்கும்போது இன்னொரு காலத்தின் தடம் மறைவதைத் தவிர்ப்பது கடினம். செடியாக மீளாத அந்தக் காலங்களை எழுத்தாவது சுமக்க வேண்டும். இது தொல்லியலாளரின் கடன் மட்டுமன்று, இலக்கியத்தின் கடனுமாகும்.

எங்கள் மதுரைக்கும் இதில் பாடம் உண்டு. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தின் நடுவே மைய மண்டபமும் அதைச் சூழ்ந்து மரங்களும் உள்ளன. வைகையிலிருந்து நீர் வரும் வழி அடைபட்டு, சிறுவர் மட்டைப்பந்து ஆடும் திடலாகக் குளம் பல்லாண்டு கிடந்தது. மண்டபத்துக்குப் பூசிய வண்ணத்தால் நிலைமை மாறவில்லை. கால்வாயைச் சீர்செய்த பிறகே அண்மை ஆண்டுகளில் குளம் நிறைந்தது. ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்களின் வரத்துக்கால்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

தில்லி செல்லும் நண்பர்கள் கல்லறையின் வெண்பளிங்கு மாடத்தைப் படமெடுத்து முடித்தபின், சற்றுக் குனிந்து அந்த நீர்க்காலையும் பார்த்து வாருங்கள்.