ஜவ்வாது மலைச் சாமை

கோதுமையைத் தேடி ஜவ்வாது மலை ஏறுகிறவர் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பயிருக்கு இடம் கொடுத்தவை நீலகிரியும் பழனி மலையும். குன்னூரை அடுத்த வெலிங்டனில் கோதுமைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிய ஜவ்வாது மலையின் தானியம் சாமை.

கோதுமை மேற்காசியாவிலிருந்து வந்தது. சாமையோ இந்திய மண்ணிலேயே பயிரானது. செங்கத்து மன்னன் நன்னனைப் பாடும் சங்க நூலான மலைபடுகடாம் இந்த வட்டாரத்துச் சேயாற்றையும் தினைப்புனங்களையும் காட்டுகிறது. இங்கே புன்செய்த் தானியத்தின் கதை அவ்வளவு பழையது.

இன்று சாமை விதைப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை; தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆடிப் பட்டத்தில், மழையை மட்டும் நம்பி, சரிவு நிலத்தில் விதையைத் தூவுகிறார்கள். சீக்கிரம் விளைவது சிட்டன் சாமை. வயல் பிடித்து நின்று நிதானமாக விளைவது பெருஞ்சாமை. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்தின் ஏ.டி.எல். 1 ரகம் பின்னால் வந்து சேர்ந்தது.

சாமையின் சங்கடம் உமியில் இருக்கிறது. கடுகளவு மணி, அதை இறுகப் பிடித்திருக்கும் வழுவழுப்பான உமி. உரலில் இட்டுக் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், உமி போகாததை மறுபடி உரலில் போட வேண்டும். வேகமாகக் குத்தினால் நொய்யாகிவிடும். இத்தனையும் பெண்கள் தலையில். ரவையாகவும் பாயசமாகவும் நாம் சாப்பிடும் சம்பா கோதுமைக்கும் இதே குணம்தான்: கதிரடித்தாலும் உமி விடாது. ரொட்டிக் கோதுமை உலகை வென்றதற்கு, அடித்தவுடன் உமி கழன்றுவிடும் அதன் சுபாவமும் ஒரு காரணம்.

ரேஷன் அரிசி மலையேறியதும் உரலுக்கு ஓய்வு கிடைத்தது. 2011 முதல் அது விலையில்லா அரிசியானது. குத்தும் பாட்டை நினைத்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடிவாரத்தில் காற்று திசை மாறியது. சர்க்கரை நோய்க்குப் பயந்து ராத்திரிச் சோற்றை விட்டுக் கோதுமைத் தோசைக்குப் போன நகரத்து வீடுகள், அடுத்த சுற்றில் சிறுதானியத்துக்கு வந்தன. இந்தியா முன்மொழிந்து, ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. உமி நீக்கும் எந்திரங்களும் வந்துவிட்டன.

எந்திரம் சில சமயம் அளவுக்கு மீறித் தீட்டிவிடுகிறது. கடையில் வெள்ளை வெளேரென்று மின்னும் சாமையை விட்டுவிட்டு, மங்கலான பழுப்பில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நார்ச்சத்துள்ள தவிடு அதில்தான் இருக்கிறது.